நாலு சக்கர டூ வீலர்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையைக் காலி பண்ண வேண்டியிருந்தது. சூளகிரிக்குப் பக்கத்துல கிராமம். சித்தப்பா போய் இரண்டு வருஷம் ஆச்சு. கொட்டகை மூலையில், தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால், அவருடைய பழைய டி.வி.எஸ். 50 நின்றுகொண்டிருந்தது. பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைடு வீல்.

பழைய இரும்பு எடுக்க வந்தவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், இத டூ வீலர்னு எழுதட்டுமா, ஃபோர் வீலர்னு எழுதட்டுமா?"

அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். ஆனால் சித்தப்பா அந்தக் கேள்விக்குப் பதில் தேடி இருபது வருஷத்துக்கு மேல் அலைந்திருக்கிறார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா 1961-ல் பிறந்தவர். இரண்டு வயசுல போலியோ. இரண்டு காலும் போச்சு. வாயில் விடும் போலியோ சொட்டு மருந்து அரசாங்கத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்ததே 1979-ல். நாடு முழுக்க ஒரே நாளில் கொடுக்கும் பல்ஸ் போலியோ 1995 டிசம்பரில்தான் ஆரம்பம். இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழே வந்துவிட்டது. ஆக, அதற்கெல்லாம் முன்னால் பிறந்த தலைமுறைதான் மாட்டிக்கொண்டது. உங்கள் ஊரில் சைடு வீல் வண்டி ஓட்டும் நடுத்தர வயசுக்காரர்களைப் பாருங்கள், பாதிக்குமேல் அந்தத் தலைமுறையாக இருப்பார்கள்.

அவர்களுக்கு அரசாங்கம் கொடுத்தது கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள். கான்பூரில் அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனம் 1972-ல் தொடங்கி, 1976-ல் உற்பத்திக்கு வந்தது. 1981-ல் இந்த மாதிரி உபகரணங்களை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுக்க மத்திய அரசு ஒரு திட்டமும் கொண்டுவந்தது. சித்தப்பாவுக்கும் ஒரு வண்டி கிடைத்தது. நல்ல வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். கங்கைச் சமவெளியில் ஓட்ட ரொம்ப நல்ல வண்டி!

எங்க ஊர் சமவெளி இல்லையே. கிருஷ்ணகிரி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீட்டர், ஓசூர் சுமார் 900 மீட்டர். நடுவில் மேலுமலை ஏற்றம், அப்புறம் சூளகிரி, அப்புறம் சானமாவு காடு. லோடு ஏற்றிய லாரியே முக்கி முனகித்தான் ஏறும். கை சைக்கிளில் சித்தப்பா டீக்கடை வரைக்கும் போவார், திரும்பி வருவார். உலகம் அங்கேயே முடிந்துவிடும்.

வேலையெல்லாம் ஓசூரில்தான் இருந்தது. எழுபதுகளில் சிப்காட் வந்து, கர்நாடக எல்லையை ஒட்டி ஃபேக்டரிகள் முளைக்க ஆரம்பித்த காலம். 1980-ல் அசோக் லேலண்ட். அதே 1980-ல் சுந்தரம் கிளேட்டனின் மொபெட் பிரிவு ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50-ஐ வெளியே விட்டது. எண்பதுகளின் பின்பாதியில் டைட்டன் வாட்ச். (டைட்டன் ஆரம்ப காலத்திலேயே ஊனமுற்றவர்களைத் தேடி வேலைக்கு எடுத்தது. வாட்ச் பூட்டும் வேலைக்கு வேண்டியது கையும் கண்ணும்தானே. இங்கே ஒரு கொசுறு: தானே ஓட்டிக்கொள்ளும் சக்கர நாற்காலியை 1655-ல் ஜெர்மனியில் நூரம்பர்க் பக்கம் ஒருத்தர் தனக்காகச் செய்துகொண்டார். பெயர் ஸ்டெஃபான் ஃபார்ஃப்லர். கால் வராதவர். தொழில்? கடிகாரம் செய்வது!)

சித்தப்பாவுக்கு 1984-ல் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் வேலை கிடைத்தது. பெஞ்சில் உட்கார்ந்து, மெஷினிலிருந்து வரும் பாகங்களுக்கு அரத்தால் பிசிறு எடுக்கிற வேலை. வீட்டிலிருந்து ஓசூர் 25 கிலோமீட்டர். காலில் காலிப்பர் போட்டுக்கொண்டு பஸ் படி ஏறணும். கண்டக்டர் நல்லவராக இருந்தால் வேலைக்குப் போவார். அவசரக்காரராக இருந்தால் அன்றைக்குச் சம்பளம் போச்சு. இரண்டு வருஷம் இப்படி ஓட்டிவிட்டு, 1986-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு டி.வி.எஸ். 50 வாங்கினார்.

ஏன் அந்த வண்டி? அதில் கியர் கிடையாது, அதனால் காலால் செய்ய வேண்டிய வேலை ஒன்று குறைந்தது. பிரேக் இரண்டும் கையில். இன்னொரு முக்கியமான விஷயம், அது இந்தியாவின் முதல் இரண்டு பேர் உட்காரும் மொபெட். லூனா 1972-லேயே வந்துவிட்டது, ஆனால் மொபெட் என்றாலே ஒருத்தர் போகிற வண்டி என்றுதான் அதுவரை கணக்கு. இந்த 'இரண்டு பேர்' விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

பிரச்சினை ஒன்றுதான். நின்றால் கால் ஊன்றணும். கால் இல்லையே!

ஓசூரில் ஒரு வெல்டிங் பட்டறை மேஸ்திரி ஆங்கிள் இரும்பை அளந்து வெட்டி, சேஸிஸுக்குக் கீழே குறுக்கே கொடுத்து, இரண்டு முனையிலும் பழைய மொபெட் சக்கரம் மாட்டிக் கொடுத்தார். ஒரே நாள் வேலை. மறுநாள் சித்தப்பா ஓட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் பள்ளத்திலேயே வண்டி நின்றுவிட்டது. இஞ்சின் உறுமுது, வண்டி நகரல. என்னன்னு பார்த்தா, சைடு வீல் இரண்டும் மேட்டில் உட்கார்ந்து, நடுவில் இருக்கிற பின் சக்கரம் பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது!

திரும்பப் பட்டறை. "அண்ணே, சைடு வீல அரை அங்குலம் தூக்கிட்டா சரியாப் போயிடும்" என்றார் மேஸ்திரி. தூக்கினார்கள். இப்போது பின் சக்கரம் தரையைப் பிடித்தது, ஆனால் வண்டி நிற்கும்போதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மூன்றாவது தடவைதான் பழைய ஸ்கூட்டர் ஷாக் அப்சார்பர் இரண்டைக் கொண்டுவந்து சைடு வீல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று மாட்டினார். மேடு வந்தால் அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும், நடுச்சக்கரம் தரையை விடாது. மூன்று மாசத்தில், ஒரு வரைபடம் இல்லாமல், ஒரு சஸ்பென்ஷனை அந்த மனுஷன் கண்டுபிடித்துவிட்டார். மூன்று தடவைக்கும் சேர்த்து வாங்கின கூலியைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இதே கதை தமிழ்நாட்டில் எத்தனையோ பட்டறைகளில் நடந்திருக்கும். ஜெய்ப்பூர் கால் என்றால் கைவினைஞர் ராம் சந்திர சர்மா பெயரையும் டாக்டர் பி.கே. சேத்தி பெயரையும் சொல்கிறோம். சைடு வீலுக்கு அந்த மாதிரி யார் பெயரும் ஒட்டவில்லை. ஊருக்கு ஒரு மேஸ்திரி, அவ்வளவுதான்.

வண்டியில் குறை இல்லாமல் இல்லை. பெடல் மிதித்து ஸ்டார்ட் பண்ண ஒரு ஆள் வேண்டும். காலையில் சித்தி, சாயங்காலம் கம்பெனி வாசல் பெட்டிக்கடைப் பையன். ரிவர்ஸ் கிடையாது, முட்டுச்சந்தில் மாட்டினால் யாராவது பின்னால் இழுத்துவிடணும். இதையெல்லாம்விட மோசம் திருப்பம். சாதாரண டூ வீலர் வளைவில் உள்பக்கமாகச் சாயும், அதனால்தான் விழாது. சைடு வீல் மாட்டிய வண்டி சாய முடியாது. வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கமாகத் தூக்கும். சித்தப்பா வளைவுக்கு வளைவு தானே உடம்பை உள்பக்கம் வளைத்து, ஏதோ வள்ளத்தில் உட்கார்ந்தவர் மாதிரி ஓட்டுவார். பின்னால் உட்கார்ந்த நானும் வளையணும், இல்லாவிட்டால் திட்டு விழும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். கதை சிக்கலாகிறது இங்கேதான்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மோட்டார் சைக்கிள் என்றால் இரண்டு சக்கரம். கழற்றி மாட்டுகிற சைடு கார் இருந்தால் அதற்கு ஒரு சக்கரம் கூடுதலாக அனுமதி. ஷோலே படத்து வண்டி சட்டப்படி சரி. சித்தப்பா வண்டிக்கு இரண்டு சக்கரம் கூடுதல், ஆக அது மோட்டார் சைக்கிள் இல்லை. அதே சட்டத்தில் ஊனமுற்றவர்களுக்கென்று தனி வகை ஒன்று இருந்தது. 'இன்வாலிட் கேரேஜ்' என்று பெயர். அதற்குத் தனி லைசென்ஸும் உண்டு. அப்புறம் என்ன கஷ்டம் என்கிறீர்களா? இன்வாலிட் கேரேஜ் என்றால் என்ன என்று சொல்லும் பிரிவில் ஒரு கொக்கி இருக்கிறது. அந்த வண்டி ஊனமுற்றவருக்கென்றே தனியாக வடிவமைத்துக் கட்டப்பட்டதாக இருக்க வேண்டுமாம், 'வெறுமனே மாற்றியமைக்கப்பட்டதாக' இருக்கக் கூடாதாம்.

அந்த 'வெறுமனே' எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். நம்முடைய 1939 மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதே வார்த்தைகள். அதற்கு முன்னால் இங்கிலாந்தின் 1930 சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலும் அதே வார்த்தைகள். வெள்ளைக்காரன் எழுதியதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டோம். அவன் ஊரில் அதற்கு ஒரு அர்த்தம் இருந்தது, ஏனென்றால் அங்கே அப்படித் தனியாகக் கட்டின வண்டிகள் ரோட்டில் ஓடின. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் பெர்ட் கிரீவ்ஸ் என்பவர், கால் செயலிழந்த தன் உறவினர் டெர்ரி பிரஸ்டன்-காப்புடைய சக்கர நாற்காலிக்கு இஞ்சின் பொருத்தினார் (அதுவும் வெறுமனே மாற்றியமைத்ததுதான்!). அதிலிருந்து இன்வாகார் என்ற கம்பெனி பிறந்தது. வெளிர் நீல நிறம், மூன்று சக்கரம், கூரை, கதவு எல்லாம் உண்டு. அரசாங்கமே ஆயிரக்கணக்கானவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது.

ஆனால் அந்த வண்டியில் ஒரே ஒரு சீட்டுதான். பெண்டாட்டி, பிள்ளை யாரையும் ஏற்ற முடியாது. ஊனமுற்றவர் என்றால் தனியாகத்தான் போவார் என்று முடிவு பண்ணிவிட்டார்கள் போல. பாதுகாப்புக் குறைபாடு என்று 2003 மார்ச் 31-லிருந்து மிச்சமிருந்த வண்டிகளை ரோட்டுக்கே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது அந்த 'இரண்டு பேர்' விஷயம். சித்தப்பாவின் டி.வி.எஸ். 50-ல் பின்னால் சித்தி, முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் தம்பி, சைடு வீல் கம்பியில் கட்டிய பையில் சந்தைக் காய்கறி. ஞாயிற்றுக்கிழமை ஓசூர் மலைக்கோயில் அடிவாரம் வரை போய் வருவார்கள். தனியாக வடிவமைத்துக் கட்டாததால் கிடைத்த லாபம் இது. அது எல்லோரும் ஓட்டுகிற வண்டி, அதில் இரண்டு சக்கரம் கூட, அவ்வளவுதான். சித்தப்பாவை ரோட்டில் பார்க்கிறவர்கள் ஒரு குடும்பஸ்தன் போகிறான் என்றுதான் பார்த்தார்கள். கை சைக்கிளில் போனபோது காசு போட வந்தவர்கள் உண்டு. வண்டி வாங்கினபின் ஒருத்தர்கூடப் போடவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

லைசென்ஸ் வாங்கப் போனார். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். "டூ வீலர் டெஸ்ட்டுன்னா எட்டு போடணும், கால் ஊனக்கூடாது" என்றார் அதிகாரி. "சார், என்னால ஊனவே முடியாது, எட்டு என்ன எண்பதே போடுறேன்" என்றார் சித்தப்பா. அதிகாரி சிரித்துவிட்டார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை. "உங்க வண்டி நாலு சக்கரம், ஆர்.சி. புக்ல ரெண்டு. இன்வாலிட் கேரேஜ்னு மாத்தணும்னா கட்டின கம்பெனி சர்டிஃபிகேட் கொண்டுவாங்க." கட்டின கம்பெனி, புளியமரத்தடி வெல்டிங் பட்டறை! அந்த மேஸ்திரி கையெழுத்துப் போடவே கூச்சப்படுவார்.

நியாயமாகச் சொல்லணும். பல ஊர்களில் ஆர்.டி.ஓ.க்கள் மனசு வைத்து, இந்த மாதிரி வண்டிகளையே இன்வாலிட் கேரேஜ் என்று பதிந்துகொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. சித்தப்பாவுக்கு வாய்க்கவில்லை. "செல்லாத வண்டின்னு எழுதித் தரச் சொல்லி அலையறேன், அதுவும் தரமாட்டேங்கறான். வண்டி நல்லாத்தான் செல்லுது" என்பார்.

லைசென்ஸ் இல்லாமலே ஓட்டினார். எல்லை தாண்டி பெங்களூரு பக்கம் போகும்போது இன்னும் பயம். போலீஸ் நிறுத்தினால் கன்னடத்தில் கெஞ்சணும் (எங்க ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கெஞ்சத் தெரியும்). ஊனச் சான்றிதழை எடுத்து நீட்டினால், அது தமிழ்நாட்டுக் காகிதம் என்று திருப்பித் தந்துவிடுவார்கள். ஒரு மாநிலத்தில் கொடுத்த சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தது 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில். ஆளுக்குக் காலம் வருகிற மாதிரி காகிதத்துக்கும் வரணும் போல.

1993-ல் சானமாவு காட்டு வளைவில் ஒரு லாரி ஒதுக்கியதில் வண்டி வெளிப்பக்கமாகக் கவிழ்ந்தது. தோள்பட்டை எலும்பு உடைந்து மூன்று மாசம் வேலை இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது: அனுமதியில்லாமல் மாற்றம் செய்யப்பட்ட வாகனம், ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை, ஆகவே ஒன்றும் தருவதற்கில்லை. சித்தியின் இரண்டு வளையல் போனது. அந்தக் கடிதத்தைச் சித்தப்பா கடைசி வரை பத்திரமாக வைத்திருந்தார். கொட்டகையைக் காலி பண்ணின அன்றைக்கு ரேஷன் கார்டோடு அதுவும் கிடைத்தது.

அப்புறம் காலம் மாறியது. 1994-ல் ஓசூர்க்காரர்கள் ஸ்கூட்டி கொண்டுவந்தார்கள். பெண்களுக்கான வண்டி என்று விளம்பரம், ஆனால் பட்டன் ஸ்டார்ட் மாடல் வந்ததும் அதை ஊனமுற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். (பட்டன் ஸ்டார்ட் வசதி எண்பதுகளிலேயே கைனெட்டிக் ஹோண்டாவில் உண்டு, ஆனால் விலை எங்க சித்தப்பாவுக்கு எட்டாது.) 1999-ல் சித்தப்பா ஒரு ஸ்கூட்டி வாங்கி, அதே பட்டறையில் புதுசாகச் சைடு வீல் போட்டார். ஸ்டார்ட் பண்ண ஆள் தேடாமல், தானே பட்டனை அமுக்கி, தானே கிளம்பின முதல் நாள் அவர் முகத்தைப் பார்த்திருக்கணும். கம்பெனிக்கு நேராகப் போகாமல் வேலைக்கே சம்பந்தமில்லாத பாகலூர் ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போனார்.

தமிழ்நாடு அரசே இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் கொடுக்க ஆரம்பித்தது அதற்கெல்லாம் பிற்பாடு. பாருங்கள், பட்டறையில் பிறந்த 'சைடு வீல்' அரசாணையில் 'இணைப்புச் சக்கரம்' ஆகிவிட்டது! அரசாங்கமே கொடுக்கிறது, சட்டப் புத்தகத்தில் மட்டும் 'வெறுமனே மாற்றியமைக்கப்பட்டது அல்ல' அப்படியே உட்கார்ந்திருந்தது.

2019-ல் இரண்டு விஷயம் நடந்தது. ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், வண்டியைத் தயாரித்த கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து மாற்றக்கூடாது என்று கறாராகச் சொன்னது. அது ஊனமுற்றவர்களைப் பற்றிய வழக்கு இல்லை. இருந்தாலும் தீர்ப்பைப் படித்த சைடு வீல்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். ஆகஸ்ட்டில் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் வந்தது. இன்வாலிட் கேரேஜ் என்ற பிரிவையே எடுத்துவிட்டு, 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்று புது வகை கொண்டுவந்தார்கள். தனியாகக் கட்டினதும் சேரும், மாற்றியமைத்ததும் சேரும். அதோடு, ஒருவர் தன் வண்டியை முதலில் மாற்றிக்கொண்டு பிறகு பதிவு அதிகாரியிடம் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம், விதிகளுக்கு உட்பட்டிருந்தால் போதும் என்றும் எழுதினார்கள். அதாவது சித்தப்பா 1986-ல் செய்தது. 1939-லிருந்து கணக்குப் போட்டால் எண்பது வருஷம்.

வரியிலும் இதே கூத்துதான். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஊனமுற்றோர் வண்டிக்கு 5 சதவீதம், அந்த வண்டியின் உதிரிபாகத்துக்கு 28 சதவீதம். முழுசாக வாங்கினால் ஊனமுற்றவர், சக்கரம் மட்டும் வாங்கினால் பணக்காரர்! 2018 டிசம்பரில்தான் அதையும் 5 ஆக்கினார்கள்.

மாற்றிப் பூட்டுகிற யோசனையைப் படித்தவர்களும் இப்போது எடுத்திருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் ஆய்வுக்கூடத்திலிருந்து பிறந்த நியோமோஷன் கம்பெனி, நியோபோல்ட் என்று ஒன்று செய்திருக்கிறது. சக்கர நாற்காலியின் முன்னால் பேட்டரி மோட்டாரோடு ஒரு சக்கரத்தைக் கோர்த்தால் ரோட்டில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். இறங்கும் இடத்தில் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியோடு உள்ளே போகலாம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சைடு வீல் வண்டியில் போகிறவருக்கு வண்டியை விட்டு இறங்கினதும் மறுபடி தவழ்வதோ காலிப்பரோதான். ஆனால் இதிலும் ஒரே சீட்டு! சித்தி எங்கே உட்காருவாள்?

எங்க மாவட்டத்திலேயே 2021-ல் ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று இரண்டு பேட்டரி ஸ்கூட்டர் ஃபேக்டரிகள் வந்தன. டி.வி.எஸ். ஏற்கனவே இருக்கிறது. இத்தனை ஸ்கூட்டர் செய்த மாவட்டத்தில், நான் பார்த்த சைடு வீல் எல்லாம் ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே, பட்டறையில் மாட்டியவைதான்.

பழைய இரும்புக்காரர் கடைசியில் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சைடு வீலையும் சேர்த்துத் தராசில் ஏற்றப் போனபோது, நான் போன் பண்ணி வரச்சொல்லியிருந்த அந்த மேஸ்திரியின் மகன் வந்து சேர்ந்தான். இப்போது பட்டறை அவனுடையது. பர்கூர்ப் பக்கம் ஒரு பெண், இரண்டு காலும் வராதவள், பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாளாம். ஷாக் அப்சார்பரை எங்கே கொடுப்பது என்று புரியாமல் நாலு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறான்.

மண்டி போட்டு உட்கார்ந்து, அப்பா வைத்த வெல்டிங்கைக் கையால் தடவிப் பார்த்தான். டேப் எடுத்து அளந்து போனில் குறித்துக்கொண்டான். அப்புறம், "அண்ணா, இது அளவுக்கு வேணும், நான் எடுத்துக்கட்டுமா?" என்றான்.

யு போல்ட் துரு பிடித்திருந்ததால் கழற்ற அரை மணி நேரம் ஆனது. இரண்டு சக்கரம் போனபின் மிச்ச வண்டியைத் தராசில் ஏற்றி, இரும்புக்காரர் நோட்டில் டூ வீலர் என்று எழுதிக்கொண்டார்.